குக்கர் மூடியும் காரின் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டும்

பருப்பு ஏற்றிய குக்கரில் விசில் வரவில்லை என்றால் முதலில் கண் போவது மூடியின் ஓரத்துக்குத்தான். அங்கே புஸ்ஸென்று ஆவி வந்துகொண்டிருக்கும். கூடவே மஞ்சள் தண்ணீர் நுரைத்து வழிந்து, பக்கவாட்டில் காய்ந்து கோடு போட்டிருக்கும். கேஸ்கட் தளர்ந்துவிட்டது. இதைப் பார்க்காமல் அடுத்த அறையில் விசிலை எண்ணக் காத்திருப்பவர் அடுப்பை அணைக்கமாட்டார். விசில் வந்தால்தானே அணைப்பதற்கு! தண்ணீர் வற்றி, பருப்பு அடிப்பிடித்து, வாசனை வந்தபிறகுதான் ஓடிவருவார். கசிவு மூடியில், கேடு அடியில், செலவு சிலிண்டரில்.

வீட்டுக் காரின் எக்ஸாஸ்டில் ஒரு கேஸ்கட் கசியத் தொடங்கினால் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். சத்தம் பானெட்டுக்குள் கேட்கும், நஷ்டம் பெட்ரோல் கணக்கில் தெரியும், ஆபத்து கண்ணுக்கே தெரியாமல் உட்காரும் இடத்துக்குள் வரும். அதனால் குக்கரைத் துணைக்கு வைத்துக்கொண்டே இந்தச் சின்னத் தகட்டைப் பார்ப்போம். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

புகை போகும் வழி

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் தெருக்களில் நிற்கும் ஹேட்ச்பேக்குகளில் நிறைய இந்த வகைதான். எரிந்த வாயு இன்ஜின் ஹெட்டின் நான்கு துவாரங்கள் வழியாக வெளியே வருகிறது. அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்க்கும் குழாய்த் தொகுதிதான் மேனிஃபோல்டு. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருப்பது முதல் கேஸ்கட். மிகக் கடுமையான வேலை இதற்குத்தான். அடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதன் பிறகு இன்ஜினின் ஆட்டத்தைத் தாங்கும் வளையும் குழாய் அல்லது ஸ்பிரிங் போல்ட் பூட்டிய இணைப்பு, பின் நடுக்குழாய், கடைசியில் சைலன்சர். இரண்டு உலோக முகங்கள் போல்ட்டால் சேரும் இடங்களில் ஒரு கேஸ்கட் இருக்கும். பட்டறையில் ‘பேக்கிங்’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். சில புதிய இன்ஜின்களில் மேனிஃபோல்டை ஹெட்டுக்குள்ளேயே வார்த்துவிடுகிறார்கள். அவற்றில் முதல் கேஸ்கட் கன்வெர்ட்டர் பூட்டும் இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

வாயு இந்த வழியில் ஆறு போல ஒரே சீராக ஓடுவதில்லை. நான்கு சிலிண்டரும் முறை வைத்துத் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலில் விநாடிக்கு ஏறக்குறைய 27 தள்ளல். 3,000 சுற்றில் 100. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கசிவின் சத்தத்துக்கும் பெட்ரோல் வீணாவதற்கும் காரணம் இந்தத் துடிப்புதான்.

அடைப்பது கேஸ்கட் அல்ல, அழுத்தம்

குக்கரின் ரப்பர் வளையம் மெத்தென்று இருக்கிறது. பாத்திரத்தின் விளிம்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஆவியே அந்த ரப்பரை விளிம்போடு சேர்த்து இறுக்குகிறது. தொடக்கத்தில் லேசாகக் கசிந்த மூடி கொஞ்ச நேரத்தில் தானாக அடைபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடைக்கவேண்டிய ஆவியே அடைப்பதற்கும் உதவி செய்கிறது.

காரில் அந்த உதவி கிடையாது. உள்ளே இருக்கும் வாயு எப்போதும் இரண்டு முகங்களையும் பிரிக்கத்தான் பார்க்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டுமே. உண்மையில், டர்போ இல்லாத பெட்ரோல் கார் சாதாரணமாக ஓடும்போது எக்ஸாஸ்ட் குழாயின் சராசரி அழுத்தம் வீட்டுக் குக்கரைவிடக் குறைவு. குக்கரில் வெளிக்காற்றுக்கு மேல் ஏறக்குறைய 1 பார். எக்ஸாஸ்டில் அதில் ஒரு பங்குதான். அப்படியென்றால் எது கஷ்டம்? வெப்பமும் நகர்வும். குக்கருக்குள் 120 டிகிரி செல்சியஸ். மேனிஃபோல்டில் முழு வேகத்தில் வாயு 800 டிகிரியைத் தாண்டும். ரப்பர் அங்கே சில விநாடிகூட நிற்காது.

வெப்பத்தால் உலோகம் நீள்கிறது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டையோ தண்ணீர் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. அலுமினியம் இயல்பில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியக்கூடியது. ஆனால் 90 டிகிரியைச் சுற்றியே நிற்பதால் அரை மில்லிமீட்டர்தான் நீளும். ஆக ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சறுக்கும். வண்டி ஆறியதும் திரும்பி வரும். காலையில் பள்ளிக்கூடம், பிறகு அலுவலகம், மாலையில் கடை என்று போனால் ஒரு நாளிலேயே பல தடவை. கேஸ்கட் இந்தச் சறுக்கலுக்கு இடம் கொடுக்கவேண்டும், வாயுவுக்கு இடம் கொடுக்கக்கூடாது.

மேனிஃபோல்டின் ஓரத்து ஓட்டைகள், ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டைத் தாங்கும் ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த இடத்துக்கு இன்று பெரும்பாலும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த கேஸ்கட் வருகிறது. துவாரத்தைச் சுற்றி அந்தத் தகட்டில் ஒரு மேடு அச்சடித்திருக்கும். இறுக்கும்போது மேடு அமுங்கி, விட்டால் எழும்பப் பார்க்கும். அந்த எழும்பலால்தான் அடைப்பு நிலைக்கிறது. இன்னொரு வகையில் எஃகுத் தகட்டின் இருபுறமும் கிராஃபைட் பதித்திருக்கும். கிராஃபைட் நன்றாக வழுக்கிக்கொடுக்கும், ஆனால் காற்றுப் பட்டால் 500 டிகிரி அளவிலேயே மெல்ல எரிந்து போகத் தொடங்கும். அதனால் மிகச் சூடான இடங்களில் மைக்கா கலந்தவற்றையோ வெறும் எஃகையோ வைக்கிறார்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் ஸ்பிரிங் இணைப்பில் இருப்பது தடித்த வளையம். எஃகுக் கம்பி வலையை அமுக்கிச் செய்தது. அதன் விளிம்பு உருண்டையாக இருக்கும், இன்ஜின் ஆடும்போது குழாய் திரும்பிக்கொடுப்பதற்காக.

இதிலிருந்து ஒன்று புரியும்: கேஸ்கட் தானாகக் கெடுவது குறைவு. ஸ்டட் தளர்ந்து இறுக்கம் போயிருக்கும், அல்லது மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கும். சில கார்களில் இன்ஜின் மவுண்டிங் நைந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் கூடுதலாகப் புரண்டு இணைப்பைப் பிய்க்கும். சில கார்களில் சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் ஹேங்கர் அறுந்து, முழு எடையும் ஒரு போல்ட்டில் தொங்கும். வேகத்தடையில் அடிவாங்கிய குழாயும் இதே வேலையைச் செய்யும். கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைப் பார்க்காமல் விட்டால் சில மாதங்களில் அதே சத்தம் திரும்பி வரும். “புதுசு போட்டும் போயிடுச்சு, மட்டமான பேக்கிங்” என்று அந்தத் தகட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

விசிலை எண்ணும் கம்ப்யூட்டர்

கார்புரேட்டர் காலத்தில் எக்ஸாஸ்ட் கசிவு என்றால் சத்தமும் நாற்றமும்தான். இன்றைய கார்களில் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அது சொல்ல, அதை நம்பித்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. சமையலறையில் விசில் செய்யும் வேலை இங்கே இந்தச் சென்சாருடையது.

குக்கரிலிருந்து கார் விலகிப்போவதும் இங்கேதான். குக்கர் வெளிப்பக்கமாக மட்டும் கசியும். எக்ஸாஸ்டிலோ ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னாலும் கண நேரத்துக்கு அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகிறது. அந்த நொடியில் கசியும் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்து எண்ணிவிடும். “பெட்ரோல் போதவில்லை” என்று முடிவுகட்டிக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். தேவையான அளவு முன்பே போய்க்கொண்டிருந்தது. விசில் வராத குக்கரின் கீழே அடுப்பு எரிவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. மைலேஜ் குறையும், திருத்தம் எல்லை மீறினால் செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வரலாம்.

கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள சென்சாருக்கு அருகே கசிந்தால் இன்னொரு தொல்லை உண்டு: கன்வெர்ட்டரே வேலை செய்யவில்லை என்று பொய்யாக ஒரு குறியீடு, பி0420, பதிவாகக்கூடும். கன்வெர்ட்டரை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். கேஸ்கட்டுக்குப் பெரும்பாலும் நூறுகளில் முடியும். கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால், முதலில் கசிவு பார்த்தீர்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இந்த வாயுவை ஆபத்தில்லாததாக மாற்றுவது கன்வெர்ட்டர். அதுவும் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகே. மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தால் வாயு கன்வெர்ட்டரைப் பார்க்காமலே வெளியேறும். பானெட்டுக்குள் தேங்கி, ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாகவோ தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியாகவோ உள்ளே வரும். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் போதும் என்று நம்பவேண்டாம்; நுழைந்தது அங்கேயேதான் சுற்றும். பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டியில், பயணத்தில் காரணமில்லாமல் தலைவலியும் குமட்டலும் வந்து, இறங்கிக் காற்றாட நின்றதும் சரியாகிறது என்றால், உடனே எக்ஸாஸ்டைப் பார்க்கவேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, நின்ற காரில் தூங்குவதோ, மூடிய ஷெட்டில் வண்டியை ஓடவிடுவதோ எந்தக் காருக்கும் ஆகாது.

கசிவைக் கண்டுபிடிப்பது

மேனிஃபோல்டு கசிவை அதிகாலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கவேண்டும். ‘டிக் டிக்’ என்று கூர்மையாக வரும், ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வேகமாகும். சில நிமிடங்களில் உலோகம் விரிந்து இடுக்கு அடைபட, சத்தம் மறைந்துவிடும். வெயில் ஏறியபின் வண்டியைக் காட்டினால் மெக்கானிக் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். அவர் காதில் குறையில்லை. முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் ஆறிய இன்ஜினைக் கேட்கச் சொல்லுங்கள். டேப்பெட்டும் இன்ஜெக்டரும் இதுபோல் டிக்கும், ஆனால் மேட்டில் ஏறும்போது எக்ஸாஸ்ட் கசிவின் சத்தம் மட்டும் தனியாகக் கூடும்.

கண்ணுக்கும் அடையாளம் கிடைக்கும். இணைப்பின் ஓரத்தில் கரி கோடாகப் படிந்திருக்கும், குக்கரில் பருப்புத் தண்ணீர் காய்ந்த கோடு போலவே. இன்னும் உறுதிவேண்டுமானால், ஆறிய இன்ஜினை அணைத்த நிலையிலேயே வைத்து, காற்றை ஊதும் வாக்குவம் கிளீனர் குழாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். இன்ஜின் ஓடாததால் சூடுமில்லை, விஷ வாயுவுமில்லை. நான் மிகவும் விரும்பும் சோதனை இது. மேனிஃபோல்டிலேயே விரிசல் விட்டிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். தேங்கிய மழைநீரில் சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடக்கூடும், அதன் சத்தமும் கேஸ்கட் கசிவு போலவே இருக்கும்.

மாற்றுவது

கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள இணைப்புகளை, நல்ல ஸ்டாண்டும் பொறுமையும் உள்ளவர் வீட்டில் செய்யலாம். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது, ஒருபோதும். மேனிஃபோல்டைப் பட்டறைக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அங்கே வேலையைத் தீர்மானிப்பது கேஸ்கட் அல்ல, ஸ்டட். பல வருடம் வெந்து துருவேறிய ஸ்டட் ஸ்பேனருக்கு இசையாமல் ஹெட்டுக்குள் முறிந்தால், அதன் மேல் நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பவோ, துளையிட்டு எடுக்கவோ கைதேர்ந்த ஆள் வேண்டும்.

முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெயை நட்டுகளில் அடித்து ஊறவிடவேண்டும். கழற்றும்போது ஒரே இழுப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்கவேண்டும். சென்சாரின் வயரை முன்னதாகவே பிரித்துவிடுங்கள். கழன்ற குழாயைக் கம்பியால் கட்டித் தாங்குங்கள். வளையும் குழாயில் எடை தொங்கினால் அதன் உட்பின்னல் கிழியும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது ஹெட்டின் துவாரங்களில் துணி அடைத்துக்கொள்ளவேண்டும். அலுமினிய முகத்தில் இரும்புச் சுரண்டியோ கிரைண்டரோ வேண்டாம். பித்தளையோ பிளாஸ்டிக்கோ போதும். மிகப் பழைய காராக இருந்தால் கேஸ்கட்டில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதை நனைத்துத்தான் எடுக்கவேண்டும், கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது. அந்தத் தூசு புற்றுநோய் தரக்கூடியது, ஊதுகிறவருக்கும் பக்கத்தில் நிற்கும் பையனுக்கும்.

முகம் சுத்தமானதும் நேரான எஃகு விளிம்பை அதன்மேல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் தவறவிடப்படும் படி இதுதான், நான் மிக முக்கியமாக நினைக்கும் படியும் இதுதான். விளிம்பு நசுங்கிய குக்கருக்கு எத்தனை புது ரப்பர் வாங்கினாலும் கசியும். வளைவு அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எல்லையைத் தாண்டினால் லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமன் செய்யவேண்டும்.

புது கேஸ்கட்டின் துவாரங்கள் ஹெட்டின் துவாரங்களோடு ஒத்திருக்கின்றனவா, எந்தப் பக்கம் எதைப் பார்க்கவேண்டும் என்று சரிபார்த்து வையுங்கள். நட்டுகளும் புதிதாக இருக்கட்டும். எல்லாவற்றையும் கையால் திருகிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் தகடு புடைத்து நிற்கும். சிறு கார்களில் மேனிஃபோல்டு நட்டுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். “இன்னும் ஒரு இழுப்பு” என்று முறுக்குவது ஸ்டட்டை நீட்டிவிடும், மேனிஃபோல்டைச் சறுக்கவும் விடாது. ஸ்பிரிங் போல்ட் இணைப்பில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சாதாரண போல்ட் போட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் அமைதியாக இருக்கும், பிறகு வேறெங்காவது குழாய் விடும்.

கழற்றிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது; ஒருமுறை அமுங்கிய மேடு மறுபடி அதே வலுவோடு எழாது. பழையதன் மேல் புதியதாக இரட்டை பேக்கிங் வைப்பதும் ஆகாது. சிலிக்கான் பசை பூசுவதை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். மேனிஃபோல்டின் வெப்பத்தில் அது கருகிவிடும். அதைவிட மோசம், அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரின் முனையில் படிந்து சென்சாரையே கெடுக்கும்.

முதல் ஸ்டார்ட்டைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கேஸ்கட்டின் பூச்சும் மிஞ்சிய எண்ணெயும் எரிந்து சில நிமிடம் லேசாகப் புகையும், பிறகு நிற்கும். வண்டி முழுதாக ஆறியபின் மறுபடி இறுக்கவேண்டுமா என்பது கேஸ்கட் வகையைப் பொறுத்தது. புத்தகம் சொன்னால் மட்டும் செய்யுங்கள். பதிந்திருந்த குறியீடுகளை அழித்து, இரண்டொரு நாள் ஓட்டியபின் ஸ்கேனரில் பெட்ரோல் திருத்த அளவு பூஜ்யத்துக்கு அருகே வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் அடைப்பு சரியாகிவிட்டது.

எக்ஸாஸ்ட் கேஸ்கட்டுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று பொதுவான கணக்கு இல்லை. இணைப்பைத் திறந்தால் மாற்றவேண்டும், கசிந்தால் மாற்றவேண்டும், அவ்வளவே. அதன் ஆயுளை நீட்டுவது மற்ற பாகங்கள்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. தெருமுனை வரை மட்டுமே போய்வரும் காரில் குழாய் முழுதாகச் சூடாகாமல் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவேற்றும். அப்படிப்பட்ட காரை வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். சர்வீஸுக்கு விட்டு லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது, குழாய் ஆறியிருந்தால், சைலன்சரைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தரைத்தகட்டிலோ வெப்பத் தடுப்புத் தகட்டிலோ இடித்தால், அல்லது ஹேங்கர் ரப்பரில் வெடிப்பு தெரிந்தால், அந்த ரப்பரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, தையில் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.